லோடிங் லிஸ்டின் தலையில் இருந்த ஒரு வரி

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டோர்ஸில் மூன்று ஆள் உயரத்துக்கு நிற்கும் இரும்பு இறாக்கைகள், வெல்டிங் உட்பட என் கை வேலை. சேலைன் பெட்டிகளை மேல்தட்டுக்கு ஏற்றுகிற சங்கிலி, ஓடாத மோட்டார் சைக்கிளில் இருந்து கழற்றி நான் பொருத்தியது. இன்சுலின் கொண்டுபோகும் ஐஸ் பொக்ஸ், ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையும் தகரமும் வைத்து நான் செய்தது. கண்டியில் மூடினால் மடுல்கெல்லயில் திறக்கும்போதும் உள்ளே குளிர் அப்படியே இருக்கும். கடைசியாக, தினமும் காலையில் லொறிகளுக்கு லோடிங் லிஸ்ட் போடுகிற ஜாவா புரோகிராம். அதையும் நான்தான் எழுதினேன்.

இவ்வளவையும் செய்தவன் எட்டாம் வகுப்போடு நின்றவன். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவன். கண்டிக்கு வந்து இந்த மருந்து மொத்தக் கடையில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். லோடிங் பிரிவுக்குப் பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றேன். இடையில் எனக்கு ஒருவரும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னதில்லை. நானாகத்தான் உட்கார்ந்தேன்.

கடையின் ஆண்டு விழா மலருக்கு எழுதச் சொல்லி முதலாளி ஹாஜியார் போன் எடுத்தார். "முனி, பழைய விசயமெல்லாம் ஒங்களுக்குத்தான் தெரியும். புதுசா வேலைக்கு வார புள்ளைகள் படிக்கட்டும். ரெண்டு பக்கம் எழுதுங்கொ" என்றார். சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன். பிறகு மலரின் மற்றப் பக்கங்களை அச்சுக்குப் போகுமுன் பார்க்கக் கொடுத்தார்கள். பதினோராம் பக்கத்தில், எங்கள் கொம்பியூட்டர் வேலையைப் பார்க்கும் கொழும்புக் கம்பெனி ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறது. லொறிகளுக்குப் பொருள் ஏற்றும் வரிசையை "எமது பொறியியலாளர்கள் உருவாக்கிய நவீன முறை" தீர்மானிக்கிறதாம்.

அதைப் படித்த பிறகு, பழைய விஷயம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

1. எது முதலில் ஏறும்

எங்களுக்கு மூன்று ரோட்டு. ஒன்று கலகெதரப் பக்கம். ஒன்று கெலிஓயா, கம்பளைப் பக்கம். ஒன்று வத்தேகம, பன்வில வழியாக மடுல்கெல்ல. ரோட்டுக்கு ஒரு லொறி.

லொறிக்குள் முதலில் ஏறுவது கடைசியில்தான் வெளியே வரும். ஆகவே கடைசிக் கடையின் பெட்டி முதலில் ஏற வேண்டும். ஒரே ஊருக்குப் போகிறவற்றில் பாரமானது முந்தி ஏற வேண்டும். இதெல்லாம் யாருக்கும் தெரியும். ஆனால் ஐஸ் பொக்ஸ் மட்டும் எந்த ஊருக்குப் போவதானாலும் கடைசியில் ஏற்றி, கதவோரமாக வைக்க வேண்டும். மழைக்கு பன்விலவுக்கு மேலே மண் சரிந்தால் லொறி அங்கேயே நின்றுவிடும். அப்போது ஐஸ் பொக்ஸை மட்டும் இறக்கி ஒரு த்ரீவீலில் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அனுப்புவோம். அது உள்ளே ஆழத்தில் கிடந்தால் நடுரோட்டில் முழு லொறியையும் இறக்கித்தான் எடுக்க வேண்டும்.

கம்பளை ரோட்டில் இன்னொரு வழக்கம். லொறி நேராகக் கம்பளைக்குப் போகும். அங்கே பஸார் நெரிசலுக்கு முன் இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது கெலிஓயா. வெள்ளிக்கிழமை மட்டும் இது தலைகீழ். கெலிஓயாவில் பார்மசி வைத்திருப்பவர்கள் மதியம் ஜும்ஆத் தொழுகைக்குக் கடையைப் பூட்டிவிடுவார்கள். அதனால் அன்றைக்கு முதலில் கெலிஓயா, அப்புறம்தான் கம்பளை.

இதெல்லாம் என் தலைக்குள் இருந்தது. நான் லீவு போட்டால் ஸ்டோர்ஸ் அல்லோலகல்லோலப்படும். ஒருமுறை எனக்குக் காய்ச்சல். டிரைவர் சேகர் வீட்டு வாசலுக்கே லொறியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். "அண்ணே, எறங்க வேணாம். சன்னல் வழியா பாத்து, எதை எங்க வைக்கிறதுன்னு கையக் காட்டுங்க போதும்" என்றான். போர்வையோடு நின்று கை காட்டினேன். அன்றைக்குத்தான் இதை மெஷினுக்குள் போட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

2. கடைசி வரிசை மாணவன்

டவுனில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பு. சனிக்கிழமைகளில் ஜாவா சொல்லிக் கொடுத்தார்கள். சேரப் போனால் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள்: "மகளைச் சேக்கவா அங்கிள் வந்தீங்க?"

"இல்ல மகள். அங்கிளைச் சேக்கத்தான் அங்கிள் வந்திருக்கேன்."

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சுற்றிலும் ஏ.எல். பரீட்சை முடித்த பிள்ளைகள். ஆங்கிலப் புத்தகம், பக்கத்தில் அகராதி. ஒரு பக்கம் படிக்க எனக்கு ஒரு வாரம் போனது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்றைக்கு ஒரு வரி கோட் எழுதுகிறார்களோ தெரியாது. நான் எழுதினேன்.

வகுப்பில் ஒப்ஜெக்ட் என்று ஆரம்பித்தபோது எல்லாரும் விழித்தார்கள். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஒரு கடையின் ஓடர் ஒரு ஒப்ஜெக்ட். அதற்கு ரோட்டு உண்டு, ஊர் உண்டு, பாரம் உண்டு, ஐஸ் உண்டா இல்லையா என்பது உண்டு. எண்களை அடுக்க மெஷினுக்குத் தெரியும், பெயர்களை அகர வரிசையில் அடுக்கவும் தெரியும். ஆனால் ஓடர்களை எப்படி அடுக்குவதென்று அதற்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கு கம்பெயர் என்று ஒரு பகுதி எழுத வேண்டும். மெஷின் இரண்டு ஓடர்களை எடுத்துக்கொண்டு வந்து, இதில் எது முந்தி என்று கேட்கும். முதலாவது முந்தி என்றால் மைனஸ் ஒன்று. இரண்டாவது முந்தி என்றால் ஒன்று. இரண்டும் ஒன்றுதான் என்றால் பூஜ்யம். இப்படி இரண்டிரண்டாகக் கேட்டே முழு லிஸ்டையும் அடுக்கிவிடும்.

மழை, ஐஸ் பொக்ஸ், பாரம், ஜும்ஆ எல்லாவற்றையும் அந்த கம்பெயருக்குள் போட்டேன். வெள்ளிக்கிழமைக்கு ஜாவாவில் ஆறு என்று எண். கிழமை ஆறாகவும் ரோட்டு கம்பளையாகவும் இருந்தால் விடைக்கு முன்னால் ஒரு மைனஸ். அந்த ஒரு கோடு வரிசையைத் தலைகீழாக்கிவிடும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

முடித்து, ஃபைலின் தலையில் ஒரு வரி அடித்தேன்: எழுதியது பெ. முனியாண்டி, லோடிங் பிரிவு. புத்தகத்தில் எல்லா ஃபைலிலும் எழுதியவன் பெயர் மேலே இருந்தது. நானும் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் பல தடவை லீவு எடுத்தேன். சேகர் வாசலுக்கு வரவில்லை.

3. ஒரு மைனஸ் கோடு

என் சேவையின் கடைசி வருஷத்தில் கடையின் சர்வரை மாற்றினார்கள். பழைய ஜாவா புதியதில் ஓடாது, எல்லாவற்றையும் அப்டேட் செய்ய வேண்டும் என்று கொழும்புக் கம்பெனியை எடுத்தார்கள். அவர்களிடமிருந்து நிரோஷன் என்ற எஞ்சினியர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், மரியாதையான பேச்சு. என் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது சரியான பழைய கோட். ஆர் எழுதினது?"

"நான்தான்."

"நீங்களோ?" என்று என் கையைப் பார்த்தார். கையில் அப்போது பெட்டி கட்டும் கயிறு இருந்தது. "பரவாயில்லை ஐயா. நாங்கள் துப்புரவாக்கிப் போட்டுத் தாறம்."

துப்புரவாக்கினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் கெலிஓயா பார்மசிக்காரர் போன் எடுத்தார். "முனி அண்ணன், என்ன இது? ஒங்கட லொறி இப்பதான் வாசல்ல வந்து நிக்கிது. நாங்க கடைய பூட்டிட்டு பள்ளிவாசலுக்குப் போறோம். டிரைவர் எங்கட கேட்ல சாஞ்சிக்கிட்டு நிக்கிறாரு. அவரையும் தொழுகைக்குக் கூட்டிட்டுப் போகவா?"

ஓடிப்போய் ஃபைலைப் பார்த்தேன். ஆறு இல்லை. மைனஸும் இல்லை.

"அது பிழையா வந்திட்டுது எண்டு நினைச்சன் ஐயா" என்றார் நிரோஷன். "ஒரு கிழமையில் மட்டும், ஒரு ரோட்டுக்கு மட்டும் வரிசை திரும்புதெண்டால் ஆரும் அப்பிடித்தானே நினைப்பினம்?"

"நெனைக்கலாம் தம்பி. நெனைச்சதும் அழிச்சிறதா? எழுதினவன் செத்தா போயிட்டான்?"

மைனஸைத் திரும்பப் போட்டார். அப்போதே கவனித்தேன், ஃபைலின் தலையில் இருந்த என் வரியும் இல்லை. அந்த இடத்தில் கொழும்புக் கம்பெனியின் பெயர் இருந்தது. கேட்டேன். "அது எங்கட கம்பெனி டெம்ப்ளேட் ஐயா. எல்லா ஃபைலுக்கும் தானா வரும்" என்றார். தானாக வருவது சரி. என்னுடையது தானாகவா போயிற்று?

அன்றைக்கு நான் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

4. பெரஹரா வாரம்

தலதா மாளிகை ஊர்வலமான பெரஹரா நாட்களில் கண்டிக்குள் பின்னேரம் ரோட்டுகளை மூடிவிடுவார்கள். லொறிகள் காலையிலேயே போய், மூடுமுன் திரும்ப வேண்டும். கடைக்காரர்களும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். வழக்கமாக இருபது, இருபத்தைந்து ஓடர் வரும். அன்றைக்கு நாற்பத்தொன்று.

லிஸ்டை அடிக்கச் சொன்னால் ஸ்கிரீனில் சிவப்பாக ஓர் ஆங்கில வரி வந்து நின்றது. ஒப்பிடும் முறை தன் பொது ஒப்பந்தத்தை மீறுகிறது என்று அதற்கு அர்த்தம். மூன்று லொறியும் முற்றத்தில். மடுல்கெல்ல டிஸ்பென்சரிக்கு ஐஸ் பொக்ஸ் நிரப்பியாகிவிட்டது. அங்கே இன்சுலின் முடிந்துவிட்டதென்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

ஹாஜியார் இறங்கி வந்தார். "என்ன பிரச்சின?"

"கண்ட்ராக்ட்டை மீறிட்டுது எண்டு சொல்லுது ஹாஜியார்" என்றார் நிரோஷன்.

"எந்தக் கண்ட்ராக்ட்? லேபர் ஆக்களா?"

"இல்லை, கோட்தான். பிழை ஐயாட கம்பெயரில இருக்கு. அது முறையாப் படிச்ச ஆக்கள் எழுதினதில்லைத்தானே. அதுதான் இப்பிடி."

முப்பது பேர் முன்னால் இதைச் சொன்னார். லோடர்கள், டிரைவர்கள், பில் அடிக்கிற பிள்ளைகள், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பல வருஷம் ஒரு நாளும் நிற்காமல் ஓடிய கோட். இவர்கள் கை வைத்த பிறகு நின்றிருக்கிறது. படிக்காதவன் நான் என்பதுதான் காரணமாம்.

அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் ஐஸ் பொக்ஸ் அங்கே நிற்கிறது. ஒரு பெட்டி மூடியைக் கிழித்தேன், மார்க்கரை எடுத்தேன், நாற்பத்தொரு ஓடரையும் ரோட்டு வாரியாக, ஏறும் வரிசையில் எழுதினேன். லோடர்களுக்கு வாசித்தேன். ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று லொறியும் வெளிக்கிட்டன.

"அண்ணே, கொம்பியூட்டர் படுத்தாலும் நீங்க படுக்க மாட்டீங்க" என்று சொல்லிக்கொண்டு சேகர் மடுல்கெல்ல லொறியை எடுத்தான். நிரோஷனுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னான். ஐஸ் பொக்ஸ் கதவோரம் இருந்தது. பகல் சாப்பாட்டுக்கு முன் டிஸ்பென்சரியில் கொடுத்துவிட்டதாகப் போன் வந்தது.

5. இரண்டு பன்விலக் கடைகள்

அதற்குப் பிறகுதான் நிரோஷன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவர் கெட்டிக்காரர். அந்தச் சிவப்பு வரியின் அர்த்தத்தை எனக்கு விளக்கினார். இரண்டு ஓடரைக் காட்டி எது முந்தி என்று கேட்டால் ஒரு விடை. அதே இரண்டை இடம் மாற்றிக் கேட்டால் அதற்கு முரணான விடை. எங்கோ என் கம்பெயர் அப்படிச் சொல்கிறது. பழைய ஜாவா அதைப் பார்க்காது. புதியது பார்க்கும். ஆனால் முப்பத்திரண்டுக்குக் குறைந்த லிஸ்ட் என்றால் புதியதும் வேறு சுலப வழியில் அடுக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அதனால்தான் இவ்வளவு நாளும் தெரியவில்லை.

"எந்த ரெண்டு ஓடர் எண்டுதான் பிடிபடேல்லை" என்று தலையைச் சொறிந்தார். என் பெட்டி மூடியை எடுத்து ஒவ்வொரு வரியாகக் கேட்கத் தொடங்கினார். ஏன் இது முந்தி, ஏன் அது பிந்தி. நானும் சொல்லிக்கொண்டு வந்தேன். மடுல்கெல்ல ரோட்டில் இரண்டு பன்விலக் கடைகளுக்கு வந்தோம்.

"இதில எது முந்தி?"

"எதுன்னாலும் சரி."

"அப்பிடியெண்டால்?"

"ரெண்டும் ஒரே கட்டடம். பக்கத்துப் பக்கத்துக் கடை. பாரமும் ஒரே மாதிரி, ஐஸும் கெடையாது. எதை மொதல்ல ஏத்தினாலும் ஒண்ணுதான்."

சொன்ன வாய் மூடுமுன் எனக்கே விளங்கிவிட்டது. "எதுன்னாலும் சரி" என்று நான் என் கோடில் எங்கேயாவது எழுதியிருக்கிறேனா? இல்லை. முதலாவது முந்தினால் மைனஸ் ஒன்று. இல்லாவிட்டால் ஒன்று. அவ்வளவுதான் எழுதியிருந்தேன். பூஜ்யமே கிடையாது. லொறிக் கதவடியில் இரண்டு பெட்டியை ஒரே நேரத்தில் ஒருவன் தூக்க முடியாது, ஏதாவது ஒன்று முந்தித்தானே ஏற வேண்டும் என்று லோடரின் புத்தியில் எழுதிவிட்டேன். ஆகவே மெஷின் இந்தக் கடையைக் காட்டிக் கேட்டால் அந்தக் கடை முந்தி என்றது. அந்தக் கடையைக் காட்டிக் கேட்டால் இந்தக் கடை முந்தி என்றது.

"இந்தா தம்பி, இங்கதான் ஓட்டை" என்று ஸ்கிரீனில் விரலை வைத்தேன்.

நிரோஷன் ஒரு நிமிஷம் பார்த்தார். "ஓம். இதுதான்" என்றார். காலையில் முப்பது பேருக்குக் கேட்கச் சொன்னவர், இதை எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

பிறகு புதிய ஜாவாவின் வழியில் திரும்ப எழுதினோம். நீட்டி முழக்காமல், ஒன்றுக்குப் பின் ஒன்றாக அளவுகோல்களைக் கோத்துவிடலாம். நான் ஒன்றரைப் பக்கத்தில் எழுதியது சில வரிக்குள் அடங்கிவிட்டது. அந்த அழகு அவருடையது. மறுக்கமாட்டேன்.

"முதல் என்ன ஐயா?"

"ரோட்டு."

"பிறகு? தூரமோ?"

"இல்ல. ஐஸ் பொக்ஸ்."

"ஏன் தூரத்துக்கு முன்னம்?"

"பன்விலவுல மண் சரிஞ்சா தூரம் என்னத்துக்கு ஆகும்? ஐஸ் பொக்ஸ் கையெட்டுற தூரத்துல இருக்கணும்."

"சரி, ஐஸ். அதுக்குப் பிறகு இறங்கிற வரிசை, வெள்ளிக்கு மைனஸ்."

"இப்ப மைனஸ் ஞாபகம் இருக்கு."

சிரித்தார். "பிறகு பாரம். அதுக்கும் பிறகும் ஒண்டா இருந்தால்?"

"பூஜ்யம்."

அப்போது அவர் எனக்கு ஒரு புது விஷயம் சொன்னார். பூஜ்யம் வந்தால் மெஷின் அந்த இரண்டையும் குலைக்காது. எது முதலில் லிஸ்டுக்குள் வந்ததோ அது முன்னால் நிற்கும். அதாவது எந்தக் கடைக்காரர் முதலில் போன் எடுத்தாரோ அவருடைய பெட்டி. அது எனக்கு மிகவும் பிடித்தது. நியாயமான ஏற்பாடு.

நாற்பத்தொரு ஓடரையும் ஓட்டினோம். அடித்து வந்த லிஸ்டையும் என் பெட்டி மூடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு வரி கூட மாறவில்லை.

6. என் பெயர் இருக்கும் இடம்

இப்போது மலர்க்காரர்களும், கொழும்புக் கம்பெனியும், ஹாஜியாரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கம்பெனி கடைக்கு ஒரு அறிக்கை கொடுத்தது. அதன் பிரதி என்னிடம் இருக்கிறது. பிழைக்கான காரணம் என்ற இடத்தில் இப்படி இருக்கிறது: பழைய கோடை எழுதியவர் பெ. முனியாண்டி, லோடிங் பிரிவு. இனிஷலில் பிழையில்லை. பெயரில் ஒரு எழுத்து குறையவில்லை. ஃபைலின் தலையில் இருந்து என்னை அழித்தவர்களுக்கு, பிழையைச் சுமத்த ஆள் தேவைப்பட்டபோது என் முழுப் பெயரும், பிரிவும் சரியாக ஞாபகம் வந்திருக்கிறது.

பூஜ்யத்தை மறந்தது நான்தான். யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நானே கண்டுபிடித்து நானே விரல் வைத்தேன். அந்த அறிக்கையை மாற்றச் சொல்லவில்லை, அப்படியே இருக்கட்டும். ஆனால் பிழை என் பெயரில் என்றால், ஐஸ் பொக்ஸ் தூரத்துக்கு முன் வர வேண்டும் என்பது யார் பெயரில்? வெள்ளிக்கிழமை மைனஸ் யார் பெயரில்? கொழும்பில் இருந்துகொண்டு யாருக்குத் தெரியும் கெலிஓயாவில் எப்போது கடை பூட்டுவார்கள் என்று?

இதைப் படிக்கிற புதுப் பிள்ளைகளுக்கு ஒன்று. பழைய கோடைத் திறக்கும்போது விளங்காத வரியைக் கண்டால் கையை எடுங்கள். அதற்குப் பின்னால் ஒரு மண்சரிவோ, ஒரு ஜும்ஆவோ இருக்கும். எழுதியவன் உயிரோடு இருந்தால் போய்க் கேளுங்கள். அவன் கையில் கயிறு இருக்கிறதா, கழுத்தில் டை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். இரண்டையும் பார்த்துச் சமமென்று நினைத்தால் பூஜ்யம் எழுத மறக்காதீர்கள். அது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

இனி என் கோரிக்கை. பதினோராம் பக்கத்தைத் திருத்துங்கள். ஃபைலின் தலையில் இரண்டு பெயர்களைப் போடுங்கள். கம்பெனி பெயர் நிற்கிற இடத்தில் நிரோஷன் பெயரும் வரட்டும்; அவரும் உழைத்தார். எங்கள் இருவரில் யார் பெரியவர் என்ற வழக்கும் வேண்டாம். நீங்களே புதுப்பித்த அந்த முறை என்ன செய்கிறதோ அதையே செய்யுங்கள். முதலில் வந்தவர் முன்னால் நிற்கட்டும்.

நான் முதலில் வந்தவன். நிரோஷன் பெயருக்கு மேலே, ஒரு வரி. அறிக்கையில் எழுதியது போலவே, ஒரு எழுத்தும் குறையாமல்.

பெ. முனியாண்டி, லோடிங் பிரிவு.